நவச்சாரம் அறிந்த ஹக்கீம் அபூபக்கர் ராஸீ

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் திருநாமத்தைக் கொண்டு துவங்குகிறோம்.

நாட்டு மருந்துச் சரக்கு வைத்து வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்கு நவச்சாரத்தைப் பற்றி அறிமுகம் வேண்டியதில்லை. வெள்ளை நிறம். கட்டியாகவும் வரும், பொடியாகவும் வரும். பார்வைக்கு உப்பென்றும் சொல்லலாம், படிகாரமென்றும் சொல்லலாம். மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி இறுகிப் போகும். செம்பு அண்டாவுக்கு ஈயம் பூசுகிறவர் அதைக் கேட்டு வாங்கிப் போவார். பற்றவைப்பு வேலை செய்கிறவரும் வாங்குவார். சளிக்கென்று கேட்டு வருகிற பெரியவர்களும் உண்டு. வாங்குகிறவருக்கு அதன் உபயோகம் தெரியும், விற்கிற நமக்கு அதன் விலை தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்தவர்கள் நம்மில் சொற்பமே.

நாமும் அப்படித்தான் பல வருஷங்கள் இருந்தோம். அதைப் பற்றித் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறோம். தேடப் போன இடத்தில் நமக்கு ஒரு மனிதர் கிடைத்தார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சரக்கின் குணத்தை அறிந்து, அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்று வகை பிரித்து எழுதி வைத்தவர் அவர். அவரது ஜீவிய சரித்திரத்தை நமது வியாபாரச் சகோதரர்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதி இதனை எழுதலானோம்.

அன்னாரின் முழுப் பெயர் அபூபக்கர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ. ஐரோப்பியர் ராஸெஸ் என்பர். பாரசீக நாட்டில் ரய் என்ற பழம் பெரும் பட்டணம் ஒன்று இருந்தது. இன்றைய ஈரானின் தலைநகரான தெஹ்ரானை ஒட்டி அதன் இடிபாடுகள் உள்ளன. அந்த ஊரார் ஆகையால் ராஸீ என்று பெயர் வந்தது. ஹிஜ்ரி 251-ம் ஆண்டு ஷஃபான் மாதத் துவக்கத்தில், அதாவது கி.பி. 865-ல், அவர் பிறந்ததாக அல்பீரூனீ குறித்திருக்கிறார். ராஸீ மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின் பிறந்த மாமேதை அல்பீரூனீ. ராஸீயின் நூல்களையெல்லாம் தேடித் தொகுத்து 184 பெயர்கள் அடங்கிய ஓர் அட்டவணையை அவர் எழுதினார். ஆகவே அவர் தரும் தேதியை அறிஞர்கள் பெரிதும் ஏற்கிறார்கள்.

ரய் நகரம் அக்காலத்தில் பெரிய வியாபார ஸ்தலம். கீழ்த்திசையில் குராஸானுக்கும் சமர்க்கந்துக்கும், மேற்கே பக்தாதுக்கும் செல்லும் ஒட்டகக் கூட்டங்கள் தங்கிச் செல்லும் ஊர். பட்டும், சாயமும், மருந்துச் சரக்குகளும், உலோகங்களும் அங்கே கைமாறின. இத்தகைய கடைத்தெருவின் மத்தியில் வளர்ந்த ராஸீ, இளமையில் ஊது என்னும் நரம்பிசைக் கருவியை வாசித்தார் என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகின்றனர். அவர் நாணயம் மாற்றும் தொழில் செய்தவர் என்றும் பழைய குறிப்பொன்று உண்டு. நாணயம் மாற்றுகிறவனுக்கு வெள்ளி எது, கலப்படம் எது என்று கண்டுபிடிக்கும் கண் வேண்டும். உலோகங்களின் மேல் அவருக்கு உண்டான ஆசை இங்கிருந்துதான் துவங்கியதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

வைத்தியக் கல்விக்கு அவர் வந்தது வயது முதிர்ந்த பின்புதான். முப்பதைத் தாண்டி என்று சிலரும், நாற்பதைத் தாண்டி என்று சிலரும் கூறுவர். எப்படியாயினும், பிறர் தொழிலில் நிலைத்துவிடுகிற வயதில் அவர் மாணவராகப் போய் அமர்ந்தார். இனி நமக்குப் படிப்பு எதற்கு என்று நாற்பது வயதில் சொல்லிக்கொள்ளும் நம்மைப் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படித்துத் தேறி, சொந்த ஊரான ரய்யில் மருத்துவமனைத் தலைவரானார். பின்னர் பக்தாது மருத்துவமனைக்கும் தலைவராக விளங்கினார். அவருடைய சபை எப்படி நடந்தது என்பதை, பக்தாதில் புத்தக வியாபாரியாக இருந்த இப்னு நதீம் என்பவர் தமது நூற்பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார். ராஸீ நடுவே அமர்ந்திருப்பார். அவருக்கு முன்னே அவருடைய மூத்த மாணவர்கள். அவர்களுக்கு முன்னே அவர்களுடைய மாணவர்கள். அதற்கும் முன்னே இன்னொரு வரிசை. வருகின்ற நோயாளி முதல் வரிசையிடம் தன் உபத்திரவத்தைச் சொல்லுவான். அவர்களுக்குத் தெரிந்தால் மருந்து சொல்லுவார்கள். தெரியாவிட்டால் அடுத்த வரிசைக்குப் போகும். எல்லாரும் கைவிட்ட விஷயத்தில்தான் ராஸீ வாய் திறப்பார். ஏழைகளிடம் அவர் மிகுந்த இரக்கம் காட்டியதாகவும், அவர்களுக்கு மருந்துடன் செலவுக்கும் கொடுத்து வந்ததாகவும் இப்னு நதீம் சொல்லுகிறார். எப்பொழுது போய்ப் பார்த்தாலும் அவர் எழுதிக்கொண்டோ பிரதி செய்துகொண்டோதான் இருப்பாராம்.

மருத்துவமனை கட்ட இடம் தேடியபோது, பக்தாதின் பல பாகங்களில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எந்த இடத்தில் இறைச்சி தாமதித்து அழுகியதோ அந்த இடமே நல்ல காற்றுள்ள இடம் என்று ராஸீ தேர்ந்தெடுத்த கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அக்கதை அளுதுத் தௌலா கட்டிய மருத்துவமனையைக் குறித்துச் சொல்லப்படுகிறது. அந்த மருத்துவமனையோ ராஸீ மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகே திறக்கப்பட்டது. ஆகவே அந்தப் பெயரோடு அந்தக் கதை பொருந்தாது. பெரியோர்களைப் பற்றிச் சொல்லும்போதும் நிறுத்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

நிற்க. இனி நவச்சாரத்துக்கு வருவோம்.

ராஸீ வைத்தியர் மட்டுமல்லர், ரசாயனக்காரரும் ஆவார். மட்டமான உலோகத்தைத் தங்கமாக மாற்றலாம் என்று அக்காலத்தார் நம்பினார்கள். ராஸீயும் நம்பினார். தங்கம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தேட்டத்தில் அவர் எழுதிய கிதாபுல் அஸ்ரார் என்னும் நூல் தங்கத்திலும் பெரிய லாபமாக உலகத்துக்கு வந்து சேர்ந்தது. இரகசியங்களின் நூல் என்று பெயரேயொழிய, அதில் மறைபொருளான பேச்சு இல்லை. முதலில் சரக்குகள், அடுத்து சாமான்கள், அதற்கடுத்து செய்முறைகள் என்று மூன்று பகுதிகள். உலை, துருத்தி, மூசை, இடுக்கி, வடித்தெடுக்கும் வாலை என்று சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எதை எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார். ஒரு கைதேர்ந்த தொழிலாளி தன் மகனுக்குச் சொல்லிக் கொடுப்பது போல இருக்கும் என்று அந்நூலை ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள்.

அதில் அவர் உலகத்துச் சரக்குகளையெல்லாம் மூன்றாகப் பிரித்தார். மண்ணிலிருந்து கிடைப்பவை, செடிகொடியிலிருந்து கிடைப்பவை, பிராணிகளிலிருந்து கிடைப்பவை. மண்ணிலிருந்து கிடைப்பவற்றை மேலும் ஆறு வகையாக்கினார். அவற்றுள் முதல் வகைக்கு அர்வாஹ், அதாவது ஆவிகள் என்று பெயர். நெருப்பில் வைத்தால் நில்லாமல் பறந்துவிடுபவை ஆதலால் அப்பெயர். அவை நான்கு: பாதரசம், கந்தகம், அரிதார மனோசிலை இனம், நான்காவது நவச்சாரம். நெருப்பைத் தாங்கி நிற்கும் பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் முதலியவற்றுக்கு அஜ்ஸாத், அதாவது உடல்கள் என்று பெயர் வைத்தார். நமது கடையில் தட்டு வாரியாகச் சரக்கு அடுக்குவது போல, எது எந்த இனம் என்று குணத்தைப் பார்த்து அடுக்கியவர் அவர்.

நவச்சாரத்தை ஆவி என்றது எவ்வளவு பொருத்தம் என்பதை இன்றைய ரசாயன சாஸ்திரம் தெளிவாக்குகிறது. அதற்கு இப்போதைய பெயர் அம்மோனியம் குளோரைடு. சூடாக்கினால் மற்ற உப்புகளைப் போல உருகுவதில்லை. சுமார் 338 பாகை வெப்பத்தில் நேராக ஆவியாகிறது. உண்மையில் அது அப்போது இரண்டு வாயுக்களாகப் பிரிகிறது. ஒன்று மூக்கைத் துளைக்கும் அம்மோனியா. மற்றது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமில வாயு. குளிர்ந்த இடத்தில் பட்டவுடன் இரண்டும் மறுபடி கூடி வெள்ளைப் பொடியாகப் படிகின்றன. நம் சித்த வைத்தியர்கள் பதங்கம் என்று சொல்லுவது இதையே. அழுக்குப் பிடித்த நவச்சாரத்தை இவ்விதம் ஆவியாக்கிப் படியவைத்துச் சுத்தம் செய்யும் முறையை அக்கால முஸ்லிம் ரசாயனிகள் நன்றாகக் கைக்கொண்டிருந்தனர். மேலும், நவச்சாரம் தண்ணீரில் எளிதில் கரையும். 100 பங்கு தண்ணீரில் 37 பங்கு வரை கரைந்துவிடும். கரையும்போது தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்வதால் பாத்திரம் தொட்டால் சில்லென்று இருக்கும்.

இதற்கு அரபியில் நூஷாதிர் என்று பெயர். உருதுக்காரர்கள் நௌஷாதர் என்பர். பழைய கிரேக்க ரசாயன நூல்களில் இடம்பெறாத இந்தச் சரக்கு, ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் நூல்களிலும் ராஸீயின் நூல்களிலும் முக்கியமான இடத்தைப் பெற்றது. கல்லிலிருந்து கிடைப்பது ஒன்று, மயிர் முதலிய பிராணிப் பொருள்களைக் காய்ச்சி வடித்து எடுப்பது மற்றொன்று என இரு வகை அவர்களுக்குத் தெரியும்.

கல் நவச்சாரம் வந்த இடம் சமர்க்கந்துக்குக் கிழக்கே உள்ள புத்தம் மலைகள். இன்றைய தாஜிகிஸ்தான் பகுதி. அங்கே பூமிக்குள் நிலக்கரிப் படுகைகள் தாமாகவே எரிகின்றன. வெடிப்புகள் வழியாகப் பகலில் புகையும் இரவில் நெருப்பும் தெரியும். அந்த வெடிப்பின் மேல் ஒரு வீடு கட்டி, கதவு ஜன்னல்களை மண் பூசி அடைத்துவிடுவார்களாம். ஆவி உள்ளேயே படிந்து நவச்சாரமாகும். எடுக்கப் போகிறவன் நனைத்த கம்பளியால் உடம்பைச் சுற்றிக்கொண்டு ஒரே ஓட்டமாக உள்ளே போய், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட வேண்டும். தாமதித்தால் வெந்து போவான். ராஸீ மறைந்த அதே நூற்றாண்டில் இஸ்தக்ரீ, இப்னு ஹவ்கல் என்னும் பூகோள ஆசிரியர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பொடிச் சரக்கு கடைக்கு வந்து சேர எத்தனை பேர் எத்தனை பாடு பட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

நமது மலாயாவுக்கும் இந்த விஷயத்தில் ஒரு தொடர்பு உண்டு. செம்புப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுவதைக் கலாய் பூசுவது என்கிறோம். இந்தக் கலாய் என்ற சொல் அரபியின் கலஈ என்னும் சொல்லிலிருந்து ஹிந்துஸ்தானி வழியாக வந்தது. கலஈ என்றால் கலா என்னும் துறைமுகத்து ஈயம். ராஸீயின் காலத்து அரபு மாலுமிகளும் பூகோளக்காரர்களும் ஈயச் சுரங்கம் உள்ள ஊராகக் கலாவைச் சொல்லியிருக்கிறார்கள். அது மலாய் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்தது என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. கெடாதான் அது என்போரும் உண்டு. ஆக, இந்த மண்ணின் ஈயமும் தாஜிக் மலையின் நவச்சாரமும் பக்தாது கடைத்தெருவில் சந்தித்துக்கொண்டன என்று சொல்லலாம்.

கலாய் பூசுவதில் நவச்சாரத்தின் வேலை யாதெனில், சூடான செம்பின் மேல் அதைத் தூவித் தேய்க்கும்போது அது பிரிந்து வரும் அமில வாயு, செம்பின் மேல் படிந்திருக்கும் களிம்பையும் கறுப்பையும் தின்றுவிடுகிறது. சுத்தமான உலோகம் வெளிப்படுகிறது. அப்பொழுதுதான் உருகிய ஈயம் ஒட்டிக்கொள்ளும். நவச்சாரம் இல்லாமல் பூசினால் ஈயம் திரண்டு உருண்டு ஓடிவிடும்.

மற்ற உபயோகங்களும் பல. 1866-ல் பிரான்சு தேசத்து லெக்லாஞ்சே என்பவர் செய்த மின்கலத்தில் நவச்சாரக் கரைசல்தான் உள்ளே இருந்தது. அதன் வழியாக வந்ததே டார்ச் லைட்டு பாட்டரி. சளியை இளக்கும் சில இருமல் மருந்துகளில் இன்றும் அது சேர்கிறது. தழைச்சத்து உள்ளதால் நெல் வயலுக்கு உரமாகவும் போடுகிறார்கள். துணிச் சாயத் தொழிலிலும் தோல் பதனிடுவதிலும் அதற்கு இடம் உண்டு.

இனி, முன்பு சொல்லாமல் விட்ட காரணத்தைச் சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைநாளில் நமது கடையின் பின்கட்டுக் கூரை ஒழுகி, நவச்சார மூட்டையும் பக்கத்திலிருந்த சுண்ணாம்பு மூட்டையும் நனைந்தன. சிந்திக் கிடந்த இரண்டையும் கடைப் பையன் ஒன்றாகக் கூட்டி அள்ளி ஒரு வாளியில் போட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனான். மறுநாள் காலையில் கதவைத் திறந்து உள்ளே போனவன், கண்ணும் மூச்சும் எரிந்து நிலைப்படியிலேயே விழுந்துவிட்டான். வெளிக்காற்றில் கிடத்தி, கண்களில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அல்ஹம்துலில்லாஹ், பையன் பிழைத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் நம்மை ஒரே ஒரு கேள்வி கேட்டார். எதோடு எது கலந்தது, அதிலிருந்து என்ன வந்தது என்றார். இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சரக்கை விற்ற நமக்குப் பதில் தெரியவில்லை. தலைகுனிந்து நின்றோம். அந்த வெட்கம்தான் நம்மைப் படிக்க வைத்தது.

விஷயம் இதுதான்: நவச்சாரமும் சுண்ணாம்பும் ஈரத்தோடு கலந்தால் அம்மோனியா வாயு கிளம்பும். 1774-ல் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அந்த வாயுவைத் தனியே பிடித்தது இவ்விரண்டையும் கொண்டுதான். காஸ்டிக் சோடாவோடு கலந்தாலும் அதே கதி. துணி வெளுக்கும் குளோரின் நீரோடு கலந்தால் வேறொரு நச்சு வாயு உண்டாகும். பொட்டாசியம் குளோரேட்டு அருகிலும் அம்மோனிய உப்பு எதையும் வைத்தல் ஆகாது. கலந்தால் தானே தீப்பற்றி வெடிக்கக்கூடும். நவச்சாரப் புகை கண்ணையும் மார்பையும் உறுத்தும். கலாய் வேலையைக் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அருகே நிற்கலாகாது. இரும்பு, பித்தளைத் தராசுத் தட்டுகளை அது அரித்துவிடும் ஆகையால் மூடியுள்ள பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி ஜாடியில் வைப்பது நலம். மருந்தாக உட்கொள்ளுவது டாக்டர் சொன்ன அளவில் மட்டுமே இருக்க வேண்டும். அளவு மீறினால் வாந்தி உண்டாகி இரத்தத்தில் புளிப்பு மிகும். ஈரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. ஈயம் பூசவென்று விற்கும் சரக்கை மருந்துக்குக் கொடுக்கவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நவச்சாரம் தானாக எரிவதுமில்லை, வெடிப்பதுமில்லை. ஆனால் அதன் பங்காளியான அம்மோனியம் நைட்ரேட்டு அப்படியல்ல. 1947-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் நகரத் துறைமுகத்தில் கப்பலில் இருந்த அந்த உப்பு வெடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2020 ஆகஸ்டு 4-ம் தேதி பெய்ரூத் துறைமுகக் கிடங்கில் வருஷக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடந்த சுமார் 2,750 டன் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. இரண்டும் வெள்ளைப் பொடிதான். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். சரக்கின் முழுப்பெயரைப் படிக்காமல் கிடங்கில் ஏற்றுகிறவன் எதை ஏற்றுகிறான் என்று யார் அறிவார்?

ராஸீ இந்த எச்சரிக்கையை எப்படிக் கைக்கொண்டார் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். பாதரசத்தை விழுங்கினால் என்ன ஆகும் என்று அறிய, அவர் தம்மிடமிருந்த ஒரு குரங்குக்குக் கொடுத்துப் பார்த்தார். அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் உருண்டதே தவிரச் சாகவில்லை என்று குறித்துக்கொண்டார். ஆனால் பாதரசத்தைப் பதங்கமாக்கிய சரக்கு கொடிய விஷம் என்றும் எச்சரித்தார். இன்று நாம் பாதரசம் எதையும் வாயில் வைப்பதில்லை, அதன் ஆவியே நஞ்சு என்பது தெரிந்துவிட்டது. ஆயினும், மனிதனுக்குக் கொடுக்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே அவருக்கு இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

மூளைச் சுரத்துக்கு இரத்தம் எடுப்பது நல்லதா என்று சந்தேகம் வந்தபோது, நோயாளிகளில் ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்து, ஒரு சாராரை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டார். இன்று புதிய மருந்து ஒவ்வொன்றையும் இம்மாதிரிதான் சோதிக்கிறார்கள். பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று அடையாளம் பிரித்துத் தனி நூலாக எழுதியவரும் அவரே. அந்நூல் லத்தீனிலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் பலமுறை பெயர்க்கப்பட்டது. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அந்த நெடும் பாதையின் தொடக்கத்தில் நின்றவர்களில் ராஸீ ஒருவர்.

ரய்யின் ஆளுநர் மன்ஸூர் இப்னு இஸ்ஹாக்குக்காகப் பத்துப் பாகங்களில் கிதாபுல் மன்ஸூரீயை எழுதினார். அவ்வாறே, வைத்தியர் கிட்டாத ஏழைகளுக்கென்று, எளிதில் கிடைக்கும் பொருள்களால் வைத்தியம் செய்துகொள்ள ஒரு நூலும் எழுதினார். வைத்திய உலகம் தெய்வம் போல் மதித்த ஜாலீனூஸ் என்னும் கிரேக்க ஆசிரியரின் கூற்றுகள், தாம் நோயாளிகளிடம் கண்டதோடு பொருந்தாத இடங்களைத் தொகுத்து ஒரு நூல் செய்தார். ஜாலீனூஸ் தமக்கு ஆசான் என்று மரியாதை செலுத்திக்கொண்டே தவறைச் சுட்டினார். போலி வைத்தியர்களின் தந்திரங்களையும் அவர் எழுதி அம்பலப்படுத்தினார்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லுவது கடமை. மார்க்க விஷயங்களில், குறிப்பாக நுபுவ்வத் பற்றி, ராஸீ சொன்னதாக வழங்கும் சில கருத்துக்கள் நம்மால் ஏற்கத் தகாதவை. அவர் ஊரைச் சேர்ந்த அபூஹாதிம் ராஸீ அவற்றை மறுத்து ஒரு நூலே எழுதினார். அவருடைய நூல்களை அட்டவணையிட்ட அல்பீரூனீயும் அவரைக் கண்டித்திருக்கிறார். அக்கருத்துக்களைக் கொண்ட நூல்கள் இன்று இல்லை, எதிரிகளின் எடுத்துரைப்பில் மட்டுமே காண்கிறோம், ஆகவே அப்படியே நம்புவதற்கில்லை என்று சொல்லும் ஆராய்ச்சியாளரும் உண்டு. இதற்காக அவரைப் பற்றிப் பேசவே கூடாது என்று நம் நண்பர் ஒருவர் சொன்னார். நாம் அப்படிக் கருதவில்லை. உள்ளத்தின் கணக்கு அல்லாஹ்விடம். மருந்தின் கணக்கு நம்மிடம் உள்ளது. தராசு சரியாக நிற்கும் இடத்தில் சரி என்றும், நிற்காத இடத்தில் இல்லை என்றும் சொல்லுவதே வியாபாரியின் நேர்மை.

ராஸீயின் கடைசிக் காலம் இருளில் கழிந்தது. கண்ணில் படலம் விழுந்து பார்வை போயிற்று. அவரை அடக்காத கதைகள் பல. அவரை அதிகமாக உண்டதால் என்று சிலரும், ரசாயனப் பரீட்சை பலிக்காத கோபத்தில் ஆளுநர் அவர் புத்தகத்தாலேயே தலையில் அடிப்பித்ததால் என்று சிலரும் எழுதினார்கள். ஆனால் தமது வாழ்க்கை முறையைப் பற்றி அவரே எழுதிய நூலில் வேறு காரணம் இருக்கிறது. ஒரே வருஷத்தில் இருபதினாயிரம் பக்கங்களுக்கு மேல் பொடி எழுத்தில் எழுதியதையும், ஒரு பெரிய தொகுப்புக்காகப் பதினைந்து வருஷங்கள் இரவு பகலாக உழைத்ததில் கண் மங்கி, கையின் தசைநார் கெட்டதையும், அதன் பின்னும் பிறரை வைத்து வாசிக்கவும் எழுதவும் செய்ததையும் அங்கே சொல்லுகிறார்.

கண்ணுக்குச் சிகிச்சை செய்ய ஒரு வைத்தியர் வந்தபோது, கண்ணில் எத்தனை படலங்கள் உண்டு என்று ராஸீ கேட்டாராம். வந்தவருக்குத் தெரியவில்லை. அதை அறியாதவர் கை தம் கண்ணில் படவேண்டாம் என்று ராஸீ மறுத்துவிட்டார் என்று சொல்லுவார்கள். இந்தச் சம்பவத்தைப் படித்தபோது ஆஸ்பத்திரியில் தலைகுனிந்து நின்ற நாள் நமக்கு ஞாபகம் வந்தது.

ஹிஜ்ரி 313 ஷஃபான் 5-ல், கி.பி. 925-ல், பிறந்த ஊரான ரய்யிலேயே அவர் காலமானார். ஹிஜ்ரிக் கணக்கில் வயது 62. அவர் குறித்து வைத்திருந்த ஏராளமான ஏடுகள் சகோதரியிடம் இருந்தன. மந்திரி இப்னுல் அமீத் அவற்றை விலை கொடுத்து வாங்கி, ராஸீயின் மாணவர்களைக் கூட்டி ஒழுங்குபடுத்தச் செய்தார் என்பர். அதுவே கிதாபுல் ஹாவீ. 1279-ல் அது லத்தீனுக்குப் போயிற்று. 1486-ல் இத்தாலியில் அச்சேறியது. அரபி மூலம் 1955 முதல் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் நிலையத்தாரால் 23 பாகங்களாக வெளியிடப்பட்டது. ஒரு மனிதர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்டதைக் கண்டபடி குறித்து வைத்ததன் பலன் அது.

சகோதரர்களே, நாம் ரசாயனம் படித்தவர்களல்ல. மதறஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிவிட்டுக் கல்லாவில் அமர்ந்தவர்கள். எனினும் பேரேட்டில் வரவு செலவு எழுதுகிற கைக்கு, ஒவ்வொரு ஜாடியிலும் சரக்கின் பெயரையும், அதனோடு எதைச் சேர்க்கக்கூடாது என்பதையும் எழுதுவது பாரமா? இப்போது நமது கடையில் நவச்சாரம் மேல்தட்டில், மூடிபோட்ட ஜாடியில், தமிழிலும் மலாயிலும் பெயர் எழுதி இருக்கிறது. சுண்ணாம்பு வேறு அறையில். பெயரை எழுதி ஒட்டியவன் அன்று விழுந்த அந்தப் பையன்தான். இன்று அவனே புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறான்.

அறிந்து விற்கவும், அறியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும், நம்மை நம்பி வாங்குகிறவர்க்குத் தீங்கு வராமல் காக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.